பாக்கி இல்லை

பீரோ வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது. பாதி வீட்டுக்குள், பாதி தெருவில். வேலையிலிருந்து திரும்பிய மெத்தைக்காரர் தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல், சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி படியில் நின்றார்.

"யாரு வீட்டு பீரோப்பா இது?"

"இந்த வீட்டுதுதான் சார்" என்றார் சுமை தூக்க வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வீடு மாறி வந்திருப்பீங்க. நாங்க ஒண்ணும் வாங்கலையே."

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாங்கியிருக்கோங்க. சும்மா நிக்காம அடியில கொஞ்சம் கை குடுங்க."

மெத்தைக்காரர் கை கொடுத்தார். வயிறு எரிய எரியக் கை கொடுத்தார். வேறென்ன செய்வது? தூக்காவிட்டால் அன்றைக்குத் தெருவில்தான் படுக்கை.

தெருவில் எல்லோரும் மெத்தைக்காரர் என்று கூப்பிடுவார்களே தவிர, அவர் மெத்தை விற்பவர் அல்ல. மெத்தை செய்கிற கம்பெனியில் ஓரத் தையல் பார்ப்பவர். மெத்தையின் நான்கு ஓரத்திலும் விரலை ஓட்டிக்கொண்டே போவார். எங்கேயாவது ஒரு தையல் விட்டிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். அவர் விரல் ஒப்புக்கொள்ளாத மெத்தை கம்பெனி கேட்டைத் தாண்டாது. அதில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. "நான் ஒரு வாரம் லீவு போட்டா ஊர்ல பாதிப் பேரு முதுகப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்பார்.

ஊரையே தூங்க வைக்கிற அந்த மனிதருக்குத் தூக்கம் கிடையாது. அதுதான் கொடுமை. காரணம், கடன்.

வேறு யாரிடமும் இல்லை, கம்பெனியிடமேதான். முதலில் மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. அப்புறம் மகளின் படிப்புக்கு. ஊழியர் குடும்பத்துக்கென்று கம்பெனி ஓர் அட்டை கொடுத்திருந்தது. புருஷன் கையெழுத்தும் செல்லும், பெண்டாட்டி கையெழுத்தும் செல்லும். எது வாங்கினாலும் கடனில் ஏறும், மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பாக்கி தீராமல் வேலையை விட்டு விலக முடியாது என்று ஒரு நிபந்தனை வேறு. அதை நினைத்தாலே மெத்தைக்காரருக்குச் சட்டைக் காலர் இறுக்கும்.

அவருக்குக் கடன் என்றால் வெறும் பணம் இல்லை. அவருடைய அப்பா செத்த அன்றைக்கு ஒரு கடன்காரர் வந்து, அழுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பிணத்தை ஒரு தரம்கூடப் பார்க்காமல் வீட்டுச் சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து போகும்போது சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அப்போது மெத்தைக்காரருக்கு மீசை முளைக்கவில்லை. பாக்கி இல்லாமல் வாழ்ந்து, பாக்கி இல்லாமல் சாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பீரோவை ஒரு வழியாகச் சுவரோரம் நிறுத்தியதும் சண்டை ஆரம்பித்தது.

"போன மாசம்தானே தவணைக்கு மேல சேர்த்துக் கட்டினேன்? குறைஞ்சுக்கிட்டு வந்த கடன இப்படி ஏத்தி வச்சிருக்கியே!"

"கடன்தானே. இருந்துட்டுப் போகுது."

"இருந்துட்டுப் போகுதா? அதென்ன வந்த விருந்தாளியா, இருந்துட்டுப் போறதுக்கு?"

"மாசாமாசம் பிடிக்கிறாங்க, பிடிச்சுக்கட்டும். நாம எங்க ஓடவா போறோம்?"

இப்படிப் பேசுகிறவளா அவள்? தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் மேல் ஒட்டவைத்துக் குளிப்பவள். பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க வெயிலில் நடந்து வந்து, செருப்புத் தேய்ந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவள். மகளுடைய ஃபீஸுக்குக் கையெழுத்துப் போட ஆறேழு மாதத்துக்கு முன்னால் கம்பெனி ஆபீசுக்குப் போய் வந்தாளே, அதிலிருந்துதான் இந்தக் கூத்து. கையெழுத்துப் போட்ட ருசி கண்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

"பட்டனைப் பாரு. மனுஷன்னா அவன் மனுஷன்!"

பட்டன் என்பவர் மெத்தைக்குப் பட்டன் தைக்கிற பிரிவில் இருந்தவர். அடுத்தவரிடம் பேனாகூட இரவல் வாங்காதவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஏன் விட்டாய் என்று மெத்தைக்காரர் கேட்டதற்கு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போதும்னு தோணிச்சு, விட்டுட்டேன்" என்று சொன்னார்.

"ஒரு பைசா கடன் கிடையாது. வேணாம்னு தோணிச்சு, உதறிட்டு வந்துட்டான். ராஜா மாதிரி வீட்ல உக்காந்திருக்கான்."

"அவரா..." என்று எதையோ கேட்க வந்தாள் மனைவி. கேட்காமல் புது பீரோவில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "கைமாத்து அண்ணன் மட்டும் என்னவாம்? ஊரெல்லாம் கடன். அவரு விசில் அடிச்சுக்கிட்டுத்தானே வேலைக்குப் போறாரு?"

"அந்த வெக்கங்கெட்டவன் பேச்ச இங்க எடுக்காத!"

கைமாத்து, பஞ்சு அடைக்கிற பிரிவில் இருக்கிறவர். கம்பெனிக் கடனை இந்தப் பிறவியில் தீர்க்கிற உத்தேசம் அவருக்கு இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

மறுநாளே மெத்தைக்காரர் நடவடிக்கையில் இறங்கினார். முதல் காரியமாக அட்டையை ஒளித்து வைத்தார். எங்கே தெரியுமா? தாங்கள் படுக்கிற மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்து, அட்டையை உள்ளே தள்ளி, மறுபடி தைத்துவிட்டார். கம்பெனித் தையல் தோற்றுப்போகும். எந்த ஓரத்தில் வைத்தோம் என்று அவர் விரலுக்கே அப்புறம் தெரியவில்லை.

மனைவி அட்டையைத் தேடவே இல்லை. நேரே ஆபீசுக்குப் போய் அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து, புது அட்டை வாங்கி, வருகிற வழியில் தண்ணீர் சூடு பண்ணுகிற ஹீட்டர் ஒன்றும் வாங்கிவந்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தான். நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு சொல்றீங்களே."

"கால் வலி போயிடும். கடன் போகுமா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றாள்.

சரி, வந்ததை விற்றாவது கட்டுவோம் என்று பீரோவை அதே கடைக்குத் திருப்பினார். கடைக்காரர் பீரோவைச் சுற்றி வந்து, இல்லாத கீறலையெல்லாம் கண்டுபிடித்து, பாதி விலை கொடுத்தார். அந்தப் பணத்தைக் கடனில் கட்டிவிட்டு வந்து கணக்குப் போட்டால், பீரோ வருவதற்கு முன் இருந்ததைவிடக் கடன் கூடுதல். துணியெல்லாம் மறுபடி நாற்காலியில். பீரோவும் இல்லை.

அப்புறம் ஓவர்டைம் பார்த்தார். பகல் ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட்டிலும் நின்றார். கண் சொருகியது. விரல் தையலில் ஓடியது, ஆனால் விரலுக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த வாரம் போன மெத்தைகளில் ஒன்று, வாங்கின வீட்டில் ஓரம் பிரிந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது. கம்பெனி அபராதம் போட்டது. அபராதத்தைக் கட்டக் கையில் காசு இல்லாததால், அதையும் கடனிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கத்துவார் என்று நினைத்துப் போனார். மேனேஜர் கத்தவில்லை. "பரவாயில்ல, உங்களுக்கும் வயசாகுதில்ல" என்று சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. உச்சியில் கண்ணாடிக் கண் ஒன்று இருந்தது. துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். தையலைத் தானே பார்க்குமாம். மெத்தைக்காரர் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"என்னோட கஷ்டத்தப் பாத்துட்டு எனக்கு உதவிக்குன்னு மெஷினே வாங்கியிருக்காங்க, தெரியுமா? லட்சக்கணக்குல விலையாம். ஒரு ஆளுக்காக எந்தக் கம்பெனி இவ்வளவு செலவு பண்ணும்?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "அது வேலை செய்யுதா?"

"இன்னும் கனெக்ஷன் குடுக்கல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் வாஷிங் மெஷின் வந்தது. இருப்பதிலேயே பெரியது. அதை வைக்க இடம் இல்லாமல், சாப்பாட்டு மேஜையைக் கூடத்து மூலைக்குத் தள்ளி, மகள் சுவரைப் பார்த்தபடி சாப்பிட வேண்டியதாயிற்று.

"அம்மா, அப்பாவ நீ கொல்லப் போற" என்றாள் மகள்.

"சாப்பிடு" என்றாள் தாய்.

மெத்தைக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாஷிங் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. தன் அப்பாவைப் போலத் தானும் கிடக்க, யாரோ ஒருவன் வந்து சாமான்களைப் பார்ப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கடிகாரம் மட்டுமா? வாஷிங் மெஷினும் இருக்கிறதே!

"ஒரே வெட்டு, ரெண்டு துண்டு" என்றார். "வீட்டக் காலி பண்றோம். குடுத்த முன்பணத்தத் திருப்பி வாங்குறோம். ஸ்கூட்டரையும் மத்ததையும் வித்து மொத்தமா அடைச்சுட்டு நிமிர்ந்து நிக்கிறோம்."

மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "வீட்ட விடாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன். நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேப்பீங்களா?"

"கடனப் பத்தின பேச்சா?"

"ஆமா. கம்பெனியில உங்கள..."

"கம்பெனிய இழுக்காத! என் வேலைதான் இந்த வீட்ல எனக்கு மிச்சமிருக்கிற ஒரே மரியாதை. அங்க ஒருத்தன் என்னை வேணாம்னு சொல்லட்டும், அந்த நிமிஷமே எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன். நான் அப்படிப்பட்ட ஆளு. உன்னாலதான் தலை குனிஞ்சு நிக்கிறேன்."

அவள் கையை விட்டாள்.

வீடு மாறினார்கள். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே சம்மட்டி விழும்போதெல்லாம் மேலே டம்ளர் குதிக்கும். வாஷிங் மெஷின் போயிற்று, ஹீட்டர் போயிற்று, ஸ்கூட்டர் போயிற்று. மெத்தை படிக்கட்டில் திரும்ப மாட்டேன் என்றது, அதையும் வந்த விலைக்குக் கொடுத்தார். வாங்கியவரின் வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் உள்ளே பழைய அட்டை இருப்பது நினைவுக்கு வந்தது. போகட்டும் சனியன் என்று விட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் மெத்தை பார்க்கிறவர் தரையில் பாயை விரித்தார்.

மகள் ஜன்னல் விளிம்பில் புத்தகத்தை வைத்துப் படித்தாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். வீடு போன துக்கம், பழகினால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார்.

பணத்தை எடுத்துக்கொண்டு கடன் குமாஸ்தாவிடம் போனார். குமாஸ்தாவுக்கு இருமல் என்று பெயர். எப்போது பார்த்தாலும் இருமிக்கொண்டிருப்பார். கடன் வாங்க வருகிறவர்களைப் பார்த்தால்கூட அவர் முகம் அப்படி ஆனதில்லை, கட்ட வந்த மெத்தைக்காரரைப் பார்த்ததும் செத்துப்போனது.

"முழுசாவா சார்?"

"முழுசா."

இருமல் இருமினார். "ரசீதுப் புத்தகம் தீந்துபோச்சே. நாளைக்கு வாங்களேன்."

மறுநாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றார். அதற்கு மறுநாள், பணம் வாங்குகிற அதிகாரம் தனக்கு உண்டா என்றே சந்தேகம் வந்துவிட்டதாகச் சொன்னார். உலகத்தில் எங்கேயாவது உண்டா ஐயா இந்த அநியாயம்? கடன்காரர்கள் வீட்டு வாசலில் நின்று கத்துவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கட்ட வந்தவன் கையில் பணத்தோடு நின்று கெஞ்சுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

"இருமல், எனக்குப் பொறுமை போயிடும். வாங்கிக்கய்யா!"

"வாங்கிக்கிறேன் சார். ஒரே ஒரு தவணை மட்டும் நிறுத்திட்டு மிச்சத்தக் கட்டுங்களேன்."

"எதுக்கு?"

இருமல் விட்டத்தைப் பார்த்தார். "ஒரு அழகுக்கு."

மெத்தைக்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இவனுக்கு வட்டியில் ஏதோ கமிஷன் வருகிறது, அதனால்தான் ஆளை விட மாட்டேன் என்கிறான் என்று புரிந்துபோனது. அவன் வேறு அவருடைய மனைவியை ஆபீசுக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான்! விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குப் போய், எழுத்து மூலமாகவே புகார் கொடுத்துவிட்டார்.

அவ்வளவு நாளில் மேனேஜர் அவருக்காக நாற்காலியிலிருந்து எழுந்தது அன்றைக்குத்தான். "மொத்தப் பாக்கியும் கட்டுறீங்களா? இப்பவேவா?" என்று கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். இருமலைக் கூப்பிட்டுக் கண்ணெதிரே கிழி கிழியென்று கிழித்தார். பணத்தைத் தானே எண்ணினார். இருமல் காகிதத்தில் முத்திரை குத்தினார். 'பாக்கி இல்லை' என்று வயலெட் மையில் விழுந்தது.

மெத்தைக்காரர் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். ஸ்கூட்டர் இல்லை, நல்ல வெயில், பசி வேறு. ஆனாலும் சட்டைக் காலர் தளர்ந்திருந்தது. அப்பா, பார்த்தாயா என்று வாய்விட்டே சொன்னார்.

படியேறி வந்து காகிதத்தை மனைவி முன்னால் நீட்டினார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசாவா கட்டிட்டீங்க?"

"ஒரு பைசா மிச்சம் இல்ல! அந்த இருமல் பய வாங்க மாட்டேன்னான். மேனேஜர்கிட்டப் போட்டுக் குடுத்துட்டுல்ல வந்தேன்!"

அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கொஞ்ச நேரம் படுங்க. தூங்கி எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

தூங்கினார். வெறும் பாயில், கீழே சம்மட்டி விழ விழ, குழந்தை மாதிரி தூங்கினார். விடிந்து எழுந்தபோது மனைவி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு லீவு போடுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா. இன்னிக்கு ஒரு நாள் இப்படியே சந்தோஷமா இருங்களேன்."

"பைத்தியம்! கடன் இருந்தப்பவே லீவு போடாதவன், இப்பப் போடுவேனா?"

சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். கேட்டில் கைமாத்து விசில் அடித்துக்கொண்டு எதிரே வந்தார். மெத்தைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில், பாக்கி இல்லாத மனிதனின் கர்வம் முழுக்க இருந்தது.

அவருடைய மேஜை அங்கே இல்லை. மேஜை இருந்த இடத்தில் மெஷின் நின்றது, துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மெத்தை அதன் அடியில் நகர்ந்து போயிற்று. கண்ணாடிக் கண் சிவப்பாக எரிந்து பச்சைக்கு மாறியது. மெத்தைக்காரர் பழக்கத்தில் விரலை நீட்டினார். மெத்தை அவர் விரலுக்காக நிற்கவில்லை.

மேனேஜர் கையில் கவர் தயாராக இருந்தது. கம்பெனி நிலைமை சரியில்லை, உங்களுக்கும் ஓய்வு வேண்டும், இத்தனை வருஷ உழைப்பை மறக்க மாட்டோம் என்று என்னென்னவோ சொன்னார். இந்தத் தடவை கை குலுக்கவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னாரே, அதற்குக்கூட இடம் வைக்காமல் அவர்களே எழுதியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் போட்டார். அந்த ஒற்றை அறைக்கு வாடகை எங்கிருந்து கொடுப்பது, மகளின் கடைசி வருஷ ஃபீஸை யாரிடம் கேட்பது, எதுவும் தோன்றவில்லை. தலைக்குள் சம்மட்டி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மிச்சச் சம்பளத்தை வாங்கப் போனால், அங்கே மேஜைக்குப் பின்னால் இருமல்.

அவரைப் பார்த்ததும்தான் மெத்தைக்காரருக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது.

"நீதானடா! நேத்து நான் புகார் குடுத்தேன்ல, அந்தக் கடுப்புல என் பேர எழுதிக் குடுத்துட்டே, இல்ல? என் வயித்துல அடிச்சிட்டியேடா! நல்லா இருப்பியா நீ?"

இருமல் கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இருமினார். வெகு நேரம் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது இருமலால் வந்ததா என்று மெத்தைக்காரருக்குத் தெரியவில்லை.

"ஆளக் குறைக்கிற லிஸ்ட்ல உங்க பேரு ஆறேழு மாசமா முதல்ல இருக்கு சார், பாக்கி இருக்கிற ஆள அனுப்பிட்டா அந்தக் கடன யாரு சம்பளத்துல பிடிக்கிறதுன்னுதான் உங்களத் தொடாம வச்சிருந்தாங்க... அது தெரிஞ்ச நாள்லேர்ந்து மாசாமாசம் உங்க வீட்டம்மா இங்க வந்து நின்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க, 'அவருக்குத் தெரிய வேணாம்ண்ணே, தாங்க மாட்டாரு, எப்படியாவது அவரக் கடன்லயே வச்சுக் காப்பாத்துங்க'ன்னு."